ஊர் விலக்கு யாருடைய வழி?

கொற்கையில் இன்று கடல் இல்லை. பாண்டியர் காலத்தில் முத்துத் துறையாக விளங்கிய அவ்வூரைவிட்டுக் கடல் சில கல் தொலைவு விலகிப் போய்விட்டது. துறை காயலுக்கு நகர்ந்தது. பின்னர் தூத்துக்குடிக்கு வந்தது. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டில். அதைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். காலில் கல்லைக் கோத்துக்கொண்டு, மூச்சடக்கி, ஒருவர் அடியில் இறங்குவார். தோணியில் நிற்கும் இன்னொருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருப்பவர் கயிற்றை அசைத்தவுடன் மேலே இழுத்தாக வேண்டும். பரதவரும் இறங்கினர், கீழக்கரை முஸ்லிம்களும் இறங்கினர். இறங்கியவருக்கும் கயிறு பிடித்தவருக்கும் முந்தின நாள் வாய்ச்சண்டை நடந்திருக்கலாம். அதற்காகக் கயிற்றைக் கைவிடும் உரிமை மேலே நிற்பவருக்கு இல்லை.

நம் கடற்கரை ஊர்களில் ஜமாஅத் என்பது அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கும் கை. பிள்ளைக்குப் பெயர் சூட்டுவது முதல் மையித்தைச் சந்தூக்கில் வைத்து மையவாடிக்குக் கொண்டு செல்வது வரை ஜமாஅத் இல்லாமல் நமக்கு ஒரு காரியமும் நடப்பதில்லை. நிக்காஹ் தப்தர் அதன் பொறுப்பில் இருக்கிறது. ஏழைக் குமருக்கு உதவி அதன் வழியாக வருகிறது. அண்ணன் தம்பி சொத்துத் தகராறு கோர்ட்டுக்குப் போகாமல் தீர்வதும் அதனால்தான். இந்த நன்மைகளை மறுப்பவர் நன்றி கெட்டவர். ஆனால், கை எவ்வளவு வலுவானதோ அவ்வளவுக்கு அது கயிற்றை விட்டுவிடும்போது கீழே இருப்பவரின் கதி பயங்கரமானது. அதைத்தான் ‘ஊர் விலக்கு’ என்கிறோம்.

விலக்கு என்றால் என்ன? தலைக்கட்டுக் கணக்கிலிருந்து ஒரு குடும்பத்தின் பெயரை அடித்துவிடுவது. அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது, அவர் கடையில் யாரும் சாமான் வாங்கக்கூடாது, அவருக்கு யாரும் ஸலாம் சொல்லக்கூடாது என்று அறிவிப்பது. மீறுவோருக்கு அபராதம் போடுவது. இதை மார்க்கத்தின் பெயரால், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், ஜும்ஆ முடிந்த கையோடு செய்வது. இது மார்க்கமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

நாம் வாசித்த அறிவிப்பு

ஆராயும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அத்தகைய ஓர் அறிவிப்பை நாமே வாசித்திருக்கிறோம்.

ஸனது வாங்கி வந்த புதிது. வயது இருபத்து நான்கு. இக்கடற்கரையில் ஓர் ஊரில் பேஷ் இமாமாகவும் மக்தப் ஆசிரியராகவும் இருந்தோம். ஊரின் பெயர் இங்கு வேண்டாம். பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர் பொதுக்கூட்டத்தில் எழுந்து, பள்ளிவாசல் கடைகளின் வாடகைக் கணக்கை வாசிக்கும்படி கேட்டார். பதில் வரவில்லை. மறு கூட்டத்திலும் கேட்டார். குரலையும் சற்று உயர்த்தினார். பள்ளியின் கண்ணியத்தைக் குலைத்தார் என்று அவருக்கு அபராதம் விதித்தார்கள். கட்ட மாட்டேன் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை நம் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். வாசித்தோம். நம் சம்பளம் கமிட்டியின் கையில் இருக்கிறது, நமக்கு இதில் என்ன பங்கு என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

மறுநாள் காலை மக்தபுக்கு அவருடைய மகன் வந்தான். ஒன்பது வயது. அம்ம ஜுஸ்வு ஓதிக்கொண்டிருந்த பிள்ளை. அவனைத் திருப்பி அனுப்பிவிடும்படி மோதினார் வந்து நம் காதில் சொன்னார். நாம் அவனை அழைத்து, “வீட்டுக்குப் போ வாப்பா, பிறகு சொல்லி அனுப்புகிறேன்” என்றோம். அவன் ரிஹாலை மடக்கியபடியே, “ஹஜரத், நேத்து பாடத்துல தப்பா ஓதிட்டேனா?” என்று கேட்டான்.

நாம் இல்லை என்று மட்டும் சொன்னோம்.

ஒன்றரை வருடத்திற்குப் பின் அவர் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. தப்தர் வேண்டுமே! அவர் அபராதத்தைக் கட்டினார்; பள்ளிவாசல் படியில் நின்று மன்னிப்புக் கேட்டார். ஆள் திருந்திவிட்டார் என்று ஊர் சொன்னது. அவர் கேட்ட வாடகைக் கணக்கு நாம் அவ்வூரை விட்டு வரும்வரை வாசிக்கப்படவில்லை. விலக்கு நீங்கிய பின்பும் அந்தப் பிள்ளை ஓத வரவில்லை.

அன்று நாம் ஓதியிருந்த கிதாபுகளில் இதற்கு விடை இல்லாமலில்லை. நாம்தான் புரட்டிப் பார்க்கவில்லை. இப்போது புரட்டுவோம்.

கஅப் (ரலி) அவர்களின் ஐம்பது நாட்கள்

விலக்கை ஆதரிப்போர் எடுத்துக்காட்டும் முதல் ஆதாரம் தபூக் சம்பவம். அல்லாஹ்வின் தூதரே மூவரை விலக்கி வைக்கவில்லையா என்று கேட்பார்கள். ஆம், விலக்கி வைத்தார்கள். அது எப்படி நடந்தது என்பதை விலக்கப்பட்ட கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களே தம் வாயால் சொல்லியிருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அந்த நீண்ட ஹதீஸ் இடம் பெற்றிருக்கிறது.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, கி.பி. 630. கடும் கோடை. பேரீச்சம்பழம் கனிந்து நிற்கும் நேரம். ரோமப் பேரரசின் எல்லையை நோக்கிப் படை புறப்பட்டது. எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் உத்தரவு. கஅப் (ரலி) அவர்களுக்கு உடல் நலமும் இருந்தது, வாகனமும் இருந்தது. இன்று கிளம்பலாம், நாளை கிளம்பலாம் என்று தாமதித்தே நின்றுவிட்டார்கள்.

படை திரும்பியது. பின்தங்கிய நயவஞ்சகர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோர் வந்து ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் வெளிப்படையை ஏற்று, உள்ளத்தை அல்லாஹ்விடம் விட்டுவிட்டார்கள். கஅப் (ரலி) அவர்களோ, தமக்கு எந்தக் காரணமும் இல்லை என்று உண்மையைச் சொன்னார்கள். முராரா இப்னு ரபீஉ (ரலி), ஹிலால் இப்னு உமைய்யா (ரலி) ஆகிய இருவரும் அவ்வாறே சொன்னார்கள். இம்மூவருடனும் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவாயிற்று.

மற்ற இருவரும் வீட்டில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். கஅப் (ரலி) வயதில் இளையவர், வெளியே வந்தார்கள். பள்ளிக்குச் சென்று ஜமாஅத்துடன் தொழுதார்கள். கடைவீதியில் நடந்தார்கள். தொழுகை முடிந்து அமர்ந்திருக்கும் நாயகத்திடம் சென்று ஸலாம் சொல்வார்கள். பதில் சொல்ல உதடு அசைந்ததா என்று கூர்ந்து பார்ப்பார்கள். பக்கத்தில் நின்று தொழும்போது நாயகம் (ஸல்) அவர்களின் பார்வை தம் பக்கம் திரும்புவதையும், தாம் திரும்பினால் அது விலகிவிடுவதையும் கண்டார்கள். தம் சிறிய தந்தையின் மகனான அபூ கதாதா (ரலி) அவர்களின் தோட்டச் சுவரில் ஏறிச் சென்று ஸலாம் சொன்னார்கள். பதில் இல்லை. அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நான் நேசிப்பது உமக்குத் தெரியாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அல்லாஹ்வும் அவன் தூதருமே அறிந்தவர்கள் என்று மட்டும் பதில் வந்தது. கண்ணீரோடு திரும்பினார்கள்.

அந்நாட்களில்தான் கஸ்ஸான் மன்னனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உம் தலைவர் உம்மைக் கைவிட்டுவிட்டார், எம்மிடம் வாரும் என்பது அதன் சாரம். கஅப் (ரலி) அதை அடுப்பில் போட்டார்கள்.

நாற்பது நாள் கழிந்ததும் மனைவியரை நெருங்காதிருக்க உத்தரவு வந்தது. ஹிலால் (ரலி) முதியவர், பணிவிடைக்கு ஆளில்லை என்று அவர் மனைவி வந்து முறையிட, பணிவிடை செய்ய அனுமதி கிடைத்தது. ஐம்பதாவது இரவு அவர்களின் பாவமன்னிப்பு ஏற்கப்பட்ட செய்தி வஹீயாக இறங்கியது. பூமி இத்தனை விசாலமாக இருந்தும் அவர்களுக்கு நெருக்கடியாகிப் போனதைத் திருமறை (9:118) எடுத்துரைக்கிறது. ஸல்உ மலை மேல் ஏறி ஒருவர் நற்செய்தியைக் கூவினார். மக்கள் கூட்டம் கூட்டமாக வாழ்த்த வந்தார்கள். பள்ளியில் நுழைந்தபோது தல்ஹா (ரலி) அவர்கள் எழுந்து ஓடிவந்து கைகுலுக்கினார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் முகம் மகிழ்ச்சியால் ஒளிர்ந்தது. மகிழ்ச்சி மிகுதியால் தம் சொத்து முழுவதையும் தர்மம் செய்துவிடுகிறேன் என்று கஅப் (ரலி) சொன்னபோது, கொஞ்சம் உமக்கென்று வைத்துக்கொள்ளும் என்றே நாயகம் அறிவுரை கூறினார்கள்.

ஒப்பிட்டுப் பார்ப்போம்

சகோதரர்களே! இச்சம்பவத்தை நம் ஊர் விலக்கோடு வரிக்கு வரி வைத்துப் பாருங்கள்.

அந்த விலக்கு வஹீ இறங்கிக்கொண்டிருந்த ஒரு தூதரின் உத்தரவு. வஹீயால் முடித்து வைக்கப்பட்டது. இன்று எந்தக் கமிட்டிக்கு வஹீ வருகிறது?

அங்கு குற்றம் கட்டாயக் கடமையில் தவறியது. அதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். தலைவரைக் கேள்வி கேட்டதற்காகவோ, ஒருவரின் மனம் புண்பட்டதற்காகவோ அது விதிக்கப்படவில்லை.

அங்கு பள்ளியின் கதவு மூடப்படவில்லை. கஅப் (ரலி) ஐவேளையும் தொழுதார்கள். கடைவீதி மூடப்படவில்லை, உணவு தடுக்கப்படவில்லை. பிள்ளைகள் தண்டிக்கப்படவில்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது திருமறையின் (6:164, 35:18) அடிப்படை விதி. முதியவரின் மனைவி வந்து பேசியபோது அவர் சொல் கேட்கப்பட்டு, விதி தளர்த்தப்பட்டது.

அங்கு அபராதம் இல்லை. கொடுக்க வந்த சொத்தைக்கூட முழுவதும் வாங்கவில்லை. பொருளைத் தண்டனையாகப் பறிப்பதை ஷாஃபிஈ மத்ஹபில் ஏற்கப்பட்ட கருத்தும், ஹனஃபி மத்ஹபின் பெரும்பான்மைக் கருத்தும் அனுமதிக்கவில்லை என்பதை ஓதியவர்கள் அறிவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விலக்கியவரின் பார்வை விலக்கப்பட்டவர் மேலேயே இருந்தது. அவர் திரும்பி வரும் நாளுக்காக ஊரே காத்திருந்தது. கஸ்ஸான் மன்னனின் கடிதம் அடுப்புக்குப் போனதற்கு அந்தப் பார்வையே காரணம். நாம் விலக்கி வைத்தவர் வீட்டுக்கு இன்று எத்தனையோ கடிதங்கள் வரும். அவற்றை அடுப்பில் போடுவதற்கு அவருக்கு நாம் என்ன காரணத்தை மிச்சம் வைத்திருக்கிறோம்?

கஅபாவில் தொங்கிய தாள்

அப்படியானால் நம் அறிவிப்புத் தாள் எதைப் போல் இருக்கிறது? வரலாற்றில் அதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு.

நபித்துவத்தின் ஏழாம் ஆண்டில் குறைஷித் தலைவர்கள் கூடி ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். ஹாஷிம் குடும்பத்தாருடனும் முத்தலிப் குடும்பத்தாருடனும் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை; விற்பதில்லை, வாங்குவதில்லை. புனிதம் சேரட்டும் என்று அத்தாளைக் கஅபாவில் தொங்கவிட்டார்கள். முஹம்மது (ஸல்) அவர்களைத் தங்களிடம் ஒப்படைக்கும்வரை இது நீடிக்கும் என்றார்கள். அபூதாலிபின் கணவாயில் சுமார் மூன்று ஆண்டுகள் அக்குடும்பங்கள் அடைபட்டுக் கிடந்தன. இலை தழைகளைத் தின்றார்கள். பசியால் அழும் பிள்ளைகளின் குரல் கணவாய்க்கு வெளியே கேட்டது.

அதை முறித்தவர்கள் யார்? ஹிஷாம் இப்னு அம்ர் என்பவர் இரவில் ஒட்டகத்தில் உணவை ஏற்றிக் கணவாய்க்குள் விரட்டிவிடுவார். பிறகு அவர் ஸுஹைர், முத்இம் இப்னு அதீ, அபுல் பக்தரீ, ஸம்ஆ ஆகியோரைத் தனித்தனியே கண்டு பேசி, ஐவருமாகச் சபையில் எழுந்து இந்த அநியாயத் தாளை ஒப்ப மாட்டோம் என்றார்கள். தாளை எடுக்கப் போனால், அல்லாஹ்வின் பெயர் நீங்கலாக மற்றதைக் கரையான் அரித்திருந்தது. அன்று இவர்கள் ஐவரும் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். மனசாட்சி ஒன்று மட்டுமே அவர்களிடம் இருந்தது.

பெண் கொடுக்கல் எடுக்கல் இல்லை, விற்றல் வாங்கல் இல்லை, குடும்பம் முழுவதற்கும் தண்டனை, அடிபணியும்வரை நீடிக்கும், அறிவிப்பு இறையில்லத்தில். நம் ஊர் விலக்கு இவ்விரண்டில் எதன் சாயல்? கஅப் (ரலி) அவர்களின் பெயரைச் சொல்லிக் குறைஷியரின் தாளை நாம் வாசித்துக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது. ஏனெனில் அதை வாசித்த நாவும் நம்முடையதே.

பாவியை என்ன செய்வது?

“அப்படியானால் மார்க்கத்தை மீறுகிறவனைத் தட்டிக் கேட்க வழியே இல்லையா?” என்று கேட்கலாம். இருக்கிறது.

ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுக்கலாகாது; முந்தி ஸலாம் சொல்பவரே அவ்விருவரில் சிறந்தவர் என்ற கருத்தில் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இது சொந்தச் சச்சரவுகளுக்குரிய அளவு. மார்க்கத்துக்காக அதற்கு மேலும் விலகியிருக்கலாம் என்று இமாம் நவவி (ரஹ்) போன்ற பெரியோர் விளக்கியிருப்பது உண்மை, நாம் மறைக்கவில்லை. ஆனால் விலகியிருப்பது மருந்து. மருந்து நோயைக் கூட்டுமானால் நிறுத்திவிட வேண்டும். தன் சொந்தக் கோபத்துக்கு மார்க்கம் என்று பெயர் சூட்டுவதற்கு இதில் இடமே இல்லை.

மது அருந்தியதற்காக ஒருவர் தண்டிக்கப்பட்டபோது, கூட்டத்தில் ஒருவர், அல்லாஹ் உன்னை இழிவுபடுத்தட்டும் என்றார். தம் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவ வேண்டாம் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விபச்சாரத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்ற ஜுஹைனா குலத்துப் பெண்ணுக்கு நாயகமே ஜனாஸா தொழுகை நடத்தினார்கள். உமர் (ரலி) வியந்து கேட்டபோது, அவள் செய்த தவ்பா மதீனாவாசிகளில் எழுபது பேருக்குப் பங்கிட்டாலும் போதுமானது என்ற கருத்தில் பதிலளித்தார்கள். கடனோடு இறந்தவருக்குத் தாம் தொழுவிக்கத் தயங்கிய ஆரம்ப காலத்திலும், உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுங்கள் என்றே தோழர்களிடம் சொன்னார்கள். ஜனாஸாவைத் தடுக்கவில்லை. அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்றார்கள், பெருமானாரும் தொழுவித்தார்கள்.

ஆயிஷா (ரலி) அவர்கள் மீதான அவதூறில் வாய் கொடுத்தவர்களில் ஒருவர் மிஸ்தஹ். அவர் அபூபக்ர் (ரலி) அவர்களின் உதவியில் வாழ்ந்த உறவினர். பெற்ற மகளைப் பழித்தவனுக்கு இனி உதவ மாட்டேன் என்று தந்தை சத்தியம் செய்தார்கள். அல்லாஹ்வின் மன்னிப்பை நீங்கள் விரும்பவில்லையா என்ற கேள்வியோடு திருமறை (24:22) இறங்கியது. அபூபக்ர் (ரலி) உதவியை மீண்டும் தொடங்கினார்கள். இதைவிடப் பெரிய மனக்காயத்தோடு எந்த முத்தவல்லி நிற்கிறார்?

கேட்பவனின் வாயை அடைப்பது

விலக்கப்பட்டவர்களில் எல்லோரும் பாவம் செய்தவர்கள் அல்லர். கணக்குக் கேட்டவர், தனக்கு நடந்த தலாக்கை எதிர்த்துப் பேசிய பெண், ஊருக்குப் பிடிக்காத கருத்தை எழுதியவர் ஆகியோரும் உண்டு.

கணக்குக் கேட்பது சுன்னத். ஸகாத் வசூலித்து வந்த இப்னுல் லுத்பிய்யா என்பவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டினார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று கேட்டார்கள். வக்பு சொத்துக்கு முத்தவல்லி காவலர், உரிமையாளர் அல்லர். கணக்கு வாசிப்பது அவர் காட்டும் சலுகையன்று, அவர் மீதுள்ள கடன்.

பெண்ணின் முறையீட்டைக் கேட்பதும் மார்க்கம். கணவர் விஷயமாகத் தர்க்கித்த கவ்லா (ரலி) அவர்களின் சொல்லை அல்லாஹ்வே கேட்டான். அதற்காக ஒரு சூராவே (58) இறங்கியது. பெண்ணுக்கு இடமில்லாத கூட்டத்தில் பெண்ணைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்தது? புதுக்கோட்டையில் முஸ்லிம் பெண்கள் தமக்கென்று தனி ஜமாஅத் அமைத்தார்கள். அதைக் கண்டு கோபித்தவர்கள் பலர். அவர்கள் அமைக்கும் நிலையை உண்டாக்கியவர் யார் என்று கேட்டவர்கள் சிலரே. ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்பது அலீ (ரலி) அவர்களுக்கு நாயகம் கற்பித்த பாடம்.

நம் பகுதிக்குத் தென்மேற்கே, குமரி மாவட்டத் தக்கலையில் நடந்தது பலருக்கும் தெரியும். ஸூஃபி ஞானி பீர் முஹம்மது அப்பா அடங்கியிருக்கும் ஊர் அது. அவ்வூர்க் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் 2007ஆம் ஆண்டில் ‘உயிர்மை’ இதழில் குடிப்பழக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதற்காக ஜமாஅத் அவரை ஊர் விலக்குச் செய்தது. விஷயம் நீதிமன்றம் வரை சென்றது. அவர் 2017ஆம் ஆண்டில் காலமானார். மது ஹராம் என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. அவருடைய எழுத்தோடு நமக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் ஒரு கட்டுரை தவறென்றால் அதற்குப் பதில் இன்னொரு கட்டுரை. நம் மதரஸாக்களில் மறுப்பு எழுதத் தெரிந்த ஆலிம்களுக்குப் பஞ்சமா? பேனாவால் செய்ய வேண்டியதை விலக்கால் செய்தபோது, நம்மிடம் பதில் இல்லை என்று உலகம் நினைத்துக்கொண்டது. எழுதியவர் ஒருவர், விலக்கின் சுமை அவர் குடும்பத்தின் தலையிலும் அல்லவா விழுகிறது!

இது நம் நோய் மட்டுமா?

அல்ல. 1656ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகர யூத சபை, ஸ்பினோஸா என்ற இருபத்து மூன்று வயது இளைஞரைச் சபித்து விலக்கியது. அவரோடு யாரும் பேசக்கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக்கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக்கூடாது என்றது. விலக்கியவர்களின் பெயர்கள் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய நூல்களை உலகம் இன்றும் படிக்கிறது.

நம் நாட்டிலும் இப்பிரச்சினை பழையது. மத விலக்கைத் தடுக்க பம்பாய் மாகாணம் 1949இல் ஒரு சட்டம் இயற்றியது. தாவூதி போஹ்ரா சமூகத்தின் தலைவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962இல் அதைச் செல்லாது என்றது. மகாராஷ்டிர மாநிலம் 2016இல் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கி வேறொரு சட்டம் நிறைவேற்றியது. கட்டப் பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2011இல் கூறியது. ஃபத்வாவுக்குச் சட்டப்படி கட்டாயப்படுத்தும் வலிமை இல்லை என்று 2014இல் தீர்ப்பளித்தது. போலீசும் கோர்ட்டும் வந்து நம் பள்ளிவாசல் தாளைக் கிழிக்கும் நிலை வரவேண்டுமா? மக்காவில் அந்த ஐவர் செய்ததை நம் சபையில் நாமே செய்துகொள்வது கண்ணியம் அல்லவா?

மூடக்கூடாத நான்கு வாசல்கள்

நிர்வாகிகளுக்கும் இமாம்களுக்கும் நாம் பணிவோடு சொல்வது இதுதான். எவ்வளவு பெரிய தகராறு வந்தாலும் நான்கு வாசல்களை மூடாதீர்கள்.

முதலாவது, பள்ளியின் வாசல். அது அல்லாஹ்வின் வீடு. அங்கு அவன் பெயர் கூறப்படுவதைத் தடுப்பவனை விடப் பெரிய அநியாயக்காரன் யார் என்று திருமறை (2:114) கேட்கிறது.

இரண்டாவது, மக்தபின் வாசல். தந்தையின் குற்றத்துக்குப் பிள்ளையின் ஓதலை நிறுத்தாதீர்கள். நிறுத்தியவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: வாசலை மறுபடி திறப்பது சுலபம், பிள்ளையை மறுபடி வரவழைப்பது சுலபமன்று.

மூன்றாவது, நிக்காஹ் தப்தர். நிக்காஹ் செல்லுபடியாக வலீயும் சாட்சிகளும் ஈஜாபும் கபூலும் வேண்டும். கமிட்டித் தலைவரின் மனத் திருப்தி அதன் நிபந்தனைகளில் இல்லை. ஒரு குமரின் கல்யாணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தந்தையை மண்டியிட வைப்பது பணயம் பிடிப்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது, மையவாடியின் வாசல். மையித்தைக் குளிப்பாட்டுவதும், கஃபனிடுவதும், தொழுவிப்பதும், அடக்குவதும் ஃபர்ளு கிஃபாயா. யாரும் செய்யாவிட்டால் ஊர் முழுவதும் பாவியாகும். முஸ்லிம்களுக்கென வக்பு செய்யப்பட்ட மண்ணில் ஒரு முஸ்லிமுக்கு ஆறடி இல்லை என்று சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை.

இந்நான்கும் திறந்திருக்கும் நிலையில், குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள், எதிர்த்தரப்பைக் கேளுங்கள், தீர்ப்புச் சொல்பவர் வழக்கில் ஒரு கட்சியாக இருக்க வேண்டாம். வெளியூர் ஆலிம்கள் இருவரை அழைத்துக்கொள்ளுங்கள். புத்தி சொல்லுங்கள், கண்டியுங்கள். கண்டித்த அன்றே அவர் வீட்டுக்கு ஒருவரை அனுப்பி நலம் விசாரியுங்கள்.

இமாம்களே! உங்கள் கையில் ஒரு தாள் தரப்படும் நாள் வரலாம். சம்பளம் நின்றுவிடும் என்ற பயம் உண்மையானதுதான். அப்பயம் நமக்குத் தெரியும். ஆனாலும் ரிஸ்க் கொடுப்பவன் கமிட்டி அல்லன். “இதை நான் வாசிக்க மாட்டேன்” என்ற நான்கு சொற்களை இப்போதே சொல்லிப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களே! உங்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. விலக்கு ஒலிபெருக்கியில் பிறக்கிறது. ஆனால் அது உயிர் வாழ்வது அடுத்த வீட்டு வாசலில். விலக்கப்பட்ட வீட்டில் ஒரு பெண் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி கொண்டு செல்வதை எந்தத் தீர்மானமும் தடுக்க முடியாது. நோன்பு காலத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகளையும் இஃப்தாருக்குக் கூப்பிடுங்கள். அன்று ஒட்டகத்தில் உணவு ஏற்றிய ஹிஷாம் சபையில் பேசுவதற்கு முன் இரவில் உணவைத்தான் அனுப்பினார்.

இதைப் படிக்கும் உங்கள் ஊரிலும் அப்படி ஒரு வீடு இருக்கலாம். இன்று அஸருக்குப் போகும் வழியில் அந்த வாசலில் நின்று ஒரு ஸலாம் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் நாளையும் சொல்லுங்கள். அந்த வீட்டார் எத்தனை நாள் நம் உதடு அசைகிறதா என்று பார்த்திருப்பார்கள்!

யா அல்லாஹ்! எங்கள் நாவால் நாங்கள் செய்த அநியாயங்களை மன்னிப்பாயாக! எங்களால் ஓதல் நின்றுபோன பிள்ளைகளுக்கு உன் கலாமின் கல்வியைத் திரும்பவும் வழங்குவாயாக! எங்கள் ஜமாஅத்துகளைக் கயிற்றை விடாத கைகளாக ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.